ஜஸீலுக்கு விட்ட இடம்

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில்தான் ஜீவன் கட்டிலில் இன்னொருவருக்கு இடம் விட்டுப் படுக்கத் தொடங்கினான்.

முதலில் தனுஜா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல்காரன், சுவரோடு ஒண்டிப் படுத்தால் குளிர் கொஞ்சம் குறையும் என்று நினைத்திருப்பான். ஆனால் ஒரு மத்தியானம் அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனபோது, அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

“சத்தம் போடாம வை. ஜஸீல் இப்பத்தான் தூங்குறான்.”

கட்டிலின் வெறும் பாதியில் போர்வை மட்டும் சுருண்டு கிடந்தது. ஜஸீல் யாரென்று அவளுக்குத் தெரியாது. அப்படி ஒருவன் தோட்டத்தில் இல்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் ஜீவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததுமில்லை. கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். லயத்து வரிசை வீடுகளின் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் யாருடனோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

பதுளைப் பக்கம், லுணுகலைக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் வீடு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தனுஜாவுக்கு வேலை. பால் கரைப்பது, தொட்டில் ஆட்டுவது, யாருக்கு உடம்பு சுடுகிறது என்று கன்னத்தில் புறங்கை வைத்துப் பார்ப்பது. ஜீவன் அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவன். தோட்டத்துக் கரப்பந்து விளையாட்டில் அவன் எகிறி அடித்தால் மறுபக்கத்துக்காரன் பந்தைத் தேடிக்கொண்டு தேயிலைக்குள் இறங்க வேண்டும். அப்படி ஒரு பந்து தன் காலடியில் வந்து விழுந்ததில்தான் அவள் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவளுடைய தோழிகள் கிண்டல் செய்வார்கள். பிறகு அவன் கொழும்புக்குப் போனான். புறக்கோட்டையில் ஒரு அரிசி மொத்த வியாபாரக் கடையில் மூட்டை தூக்கினான். மகள் துஷாந்தினி பிறந்ததும் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஓடி வந்தவன், பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்தான். அதற்கும் பிறகு வந்தபோதெல்லாம் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். கொழும்புப் பழக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆவணியில், நாட்டை மறுபடி பூட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளில், பண்டாரவளைக்கு மரக்கறி ஏற்ற வந்த லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். இருமிக்கொண்டே வந்தான். சுகாதார அதிகாரி வந்து பரிசோதித்துவிட்டுக் கொரோனா என்றார். வீட்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டி, மூன்று பேரையும் உள்ளே அடைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமி அக்கா சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்பாள்.

இருமலை விட மற்றதுதான் தனுஜாவைப் பயமுறுத்தியது. அவன் ஓயாமல் கொட்டாவி விட்டான். மூக்கும் கண்ணும் ஒழுகின. தோலெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது. கால்கள் தாமாகவே உதைத்தன. வயிறு ஒன்றையும் தங்க விடவில்லை. கதவைத் திறந்துவிடு என்று அழுதான். கொரோனா இப்படியும் செய்யுமா என்று மருத்துவிச்சி அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

“ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி வருது, தனுஜா. தண்ணி நெறயக் குடுங்க” என்று பதில் வந்தது.

அது அடங்கியது. கதவுத் தாளைக் கிழித்த பிறகு, பாதை திறந்ததும், கூட்டாளி ஒருவனைப் பார்க்க வேண்டும் என்று பதுளைக்குப் போனான் ஜீவன். சாந்தமாகத் திரும்பி வந்தான். மகளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மனுசன் பிழைத்துக்கொண்டான் என்று தனுஜா சாமிக்கு விளக்குக்கூட ஏற்றினாள். அதன் பிறகு அவன் அடிக்கடி பதுளைக்குப் போய்வந்தான்.

காய்ச்சல் திரும்பி வந்தது ஐப்பசியில். பகலில் ஆளைப் போட்டு வாட்டும். வெயில் சாயும்போது பல்லைக் கிட்டவைக்கும் குளிர் வரும். வீட்டிலிருந்த போர்வை, சாக்கு, அவளுடைய பழைய புடவை எல்லாவற்றையும் போட்டு மூடினாலும் கட்டில் ஆடும். தோட்டத்து மருந்துக்காம்பராவில் குளிசை தந்தார்கள். கொரோனாவின் மிச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கொரோனா வந்தவர்கள் லயத்தில் நிறையப் பேர் இருந்ததால் அதை நம்புவது சுலபமாக இருந்தது. எலும்பு துருத்த மெலிந்தான். ஜஸீலோடு பேசுவது மட்டும் கூடிக்கொண்டே போனது.

“இது மருந்துக்கு அடங்குற காய்ச்சல் இல்ல” என்றாள் பாக்கியலெட்சுமி அக்கா. “செத்தவன் எவனோ கூடவே வந்திருக்கான். பேரச் சொல்லியே கூப்புடுறான், கேட்டியா?”

முனியாண்டி கோயில் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் திருநீறு போட்டு, கையில் கயிறு கட்ட சட்டைக் கையை மேலே ஏற்றப் போனார். ஜீவன் அவர் கையை வெடுக்கென்று தட்டிவிட்டான்.

“அவன ஒண்ணும் செய்யாதீங்க சாமி” என்று கும்பிட்டான். “அவனுக்குப் போறதுக்கு வேற எடமில்ல.”

அன்று முதல் அந்தக் கட்டிலில் தனுஜா உட்காரவில்லை. மகளையும் கிட்டப் போக விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வெந்நீர் வைத்து அவனுக்கு உடம்பு துடைத்துவிடக் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தாள். சட்டையைக் கழற்றத் தடுக்கும் பலம் அன்று அவனிடம் இல்லை. முழங்கையின் உள்பக்கத்தில், நரம்போடு நரம்பாக, கறுத்த புள்ளிகள் வரிசையாக ஓடின. சில இடங்களில் தோல் கயிறு மாதிரித் தடித்திருந்தது. விரல் நுனிகளில் சிவந்த கொப்புளங்கள், தொட்டதும் துடித்தான். நகங்களுக்கு அடியில் சிராய் ஏறியதுபோல மெல்லிய இரத்தக் கோடுகள்.

“என்னங்க இது?”

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்னன்னு சொல்லுங்க. என் மேல கோவப்பட்டாலும் பரவால்ல.”

அப்புறம் சொன்னான். மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்ததைச் சொன்னான். வலி தாங்காமல் கிடந்தபோது, அறையில் கூட இருந்த பதுளைக்காரன் ஜஸீல் எங்கிருந்தோ குளிசை கொண்டுவந்து தந்தான். குளிசை பத்தாமல் போனது. ஹெரோயின் தூள் வந்தது. புகைத்தார்கள். பிறகு, ஊசியில் ஏற்றினால் கொஞ்சத் தூளே போதும் என்று யாரோ சொன்னார்கள். இருவருக்கும் ஒரே ஊசி. ஜஸீலுக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. வாரக்கணக்கில் கிடந்தான். அவன் நகத்திலும் இதே சிவப்புக் கோடுகள் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று இருவரும் பயந்தார்கள். ஒரு காலையில் ஜீவன் எழுந்து பார்த்தபோது, ஒரே பாயில் பக்கத்தில் கிடந்தவன் குளிர்ந்திருந்தான். வந்து பரிசோதித்தவர்கள் கொரோனா இருக்கிறது என்றார்கள். மூடிக் கட்டி, கொரோனாவில் செத்தவர்களைப் புதைக்கும் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். வீட்டில் அடைபட்டு உதறியது தூள் இல்லாமல்தான்; பதுளைக்குப் போய்வந்ததும் அதைத் தேடித்தான்.

“நான் அந்த லொறியில ஏறுனப்ப அவனும் ஏறுனான் தனு” என்றான். “மூட்ட மேல ஒக்காந்துகிட்டே வந்தான்.”

அவள் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

“வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“போவோம். ஆனா இத யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா பொலிஸ்தான். தோட்டத்துல நம்ம பேரு நாறிப்போயிரும். புள்ள தலையில கைய வச்சு சத்தியம் பண்ணு.”

துஷாந்தினி வாசலில் தட்டாங்கல் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டான். அம்மாவின் கை ஏன் தன் தலையில் அப்படி அழுத்துகிறது என்று புரியாமல் பிள்ளை சிரித்தாள். தனுஜா சத்தியம் செய்தாள்.

மறுநாள் காலையில், போவதற்காக உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. என்னவோ சொல்ல முயன்றான். வார்த்தை வரவில்லை, எச்சில்தான் வந்தது. பாக்கியலெட்சுமி அக்காவின் புருசனும் இன்னும் நாலு ஆண்களும் அவனைக் கம்பளியில் போட்டு ரோட்டு வரைக்கும் தூக்கி வந்தார்கள். அங்கிருந்து அம்புலன்ஸில் லுணுகலை, பிறகு பதுளை.

பதுளையில் அவனைப் பார்த்த டொக்டர் இளவயதுக்காரி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சட்டையில் லதுஷா என்று பெயர் குத்தியிருந்தது. நெஞ்சில் குழாயை வைத்தவள் அதை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு தனுஜாவிடம் திரும்பினாள்.

“நீங்கள் இவரின்ர மனிசியோ? கொரோனா வந்து போனதெண்டு சொன்னீங்கள். அதுக்குப் பிறகு ஊசி கீசி ஏதும் போடுறவரோ? வெளியில, மருந்துக்கு இல்லாத ஊசி?”

ஜீவனுக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் காது கேட்டது. கட்டிலிலிருந்து தனுஜாவையே பார்த்தான். அந்தப் பார்வைக்கு நேரே நிற்க முடியாமல் அவள் சுவரைப் பார்த்தாள்.

“அம்மா, நான் பொலிஸ் இல்லை” என்றாள் டொக்டர். “எனக்கு ஒருத்தரையும் பிடிச்சுக் குடுக்கத் தேவையுமில்லை. எந்த வழியால கிருமி உள்ள போனதெண்டு தெரிஞ்சால் இண்டைக்கே சரியான மருந்தைத் தொடங்கலாம். பிந்தினால் கஷ்டம்.”

மகளின் தலைமுடியின் சூடு தனுஜாவின் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. அந்தக் கையை மடக்கிக்கொண்டாள்.

“போடுவாருங்க” என்றாள். “தூள் போடுவாரு. கூட இருந்தவரோட ஊசியில.”

ஜீவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள். இருதயத்தைப் படம் பிடித்தார்கள். உடம்பு தூளைத் தேடி உதறுவதற்கும் மருந்து கொடுத்தார்கள். சில நாள் கழித்து, டொக்டர் லதுஷா வார்டு வாசலில் நின்று தனுஜாவுக்கு விளங்கப்படுத்தினாள்.

“கொரோனா ஏற்கனவே உடம்பை உலுப்பிப் போட்டுது. அந்த நேரத்தில ஊசியும் போட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. ரத்தத்தோட போய் இருதயத்துக்குள்ள இருக்கிற வால்வில ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கு. அதில ஒரு துண்டு உடைஞ்சு மூளைக்குப் போனதாலதான் வாய் கோணினது. காய்ச்சலைக் கொரோனாட மிச்சம் எண்டு நினைச்சு விட்டிடுவினம். கன பேர் பிந்தித்தான் வருகினம்.”

“அப்ப அவரோட இருந்த ஜஸீலுக்கும் இதுதானாங்க?”

“நான் அவரைப் பாக்கேல்லை. பாக்காத ஆளைப் பற்றி எப்பிடிச் சொல்லுறது?”

ஒன்றரை மாதம் போல ஊசி மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கியது, வாய் நேரானது, பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. திரும்பிய பேச்சில் அவன் அவளிடம் சொன்ன முதல் முழு வாக்கியம், “நீ சத்தியம் பண்ணுன.” அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் மகளைப் பார்க்கும் விதம் மாறிப்போனது. பிள்ளை ஓடினால் விழுந்துவிடுவாள் என்று தோன்றும். தும்மினால் கன்னத்தில் புறங்கை வைத்துப் பார்ப்பாள். மாசி மாதத்தில் துஷாந்தினிக்கு அம்மை போட்டபோது, இதோ வந்துவிட்டது என்றே தனுஜா நினைத்தாள். வேப்பிலைப் படுக்கையருகே உட்கார்ந்து, பிள்ளையின் தலையில் வைத்த தன் வலது கையையே வெறித்துக்கொண்டிருந்தாள். எந்தச் சாமியிடம் எப்படிக் கேட்பது? உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்பா, சத்தியத்தை மீறியதற்கு மன்னிப்பா? தண்ணீர் ஊற்றி, பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போனாள். தனுஜாவுக்கு அந்தக் கை மட்டும் சரியாகவில்லை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளின் தலையைத் தடவும்போது இடது கையையே நீட்டினாள். ஏன் என்று கேட்டவர்களிடம் தோள் வலி என்றாள்.

ஜீவனின் வால்வு பழையபடி ஆகவில்லை. ஏற்றத்தில் ஏறினால் மூச்சு இரைத்தது. தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து செய்யும் காவல் வேலை கிடைத்தது. இனி ஒரு தடவை ஊசி போட்டால் மறுபடி உயிரோடு வார்டை விட்டு வீட்டுக்குப் போவது சந்தேகம் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் போடவில்லை. போடவில்லை என்றுதான் தனுஜா நம்பினாள். நம்பியும் அவன் குளிக்கும்போது கைகளைப் பார்ப்பாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து அவனே கைகளைத் திருப்பிக் காட்டுவான்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில், எரிபொருள் தட்டுப்பாடு தீர்ந்து பாதையில் பஸ்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் கிளினிக்குக்குப் போகும் வழியில் அவன் சொன்னான். “ஜஸீலோட உம்மாவப் பாக்கணும். மார்க்கெட்டுக்குப் பின்னால வீடுன்னு சொல்லியிருக்கான்.”

தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒடுக்கமான சந்து. பச்சைக் கதவு. வெள்ளைத் துணியால் தலையை மூடிய ஒரு அம்மா வந்து திறந்தாள். பெயரைச் சொன்னதும் ஜீவனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எங்கட மகனோட ஈந்த புள்ளயா நீங்க? வாங்க, உள்ளுக்கு வாங்க.”

சுவரில் ஜஸீல் படமாக இருந்தான். காது கொஞ்சம் விரிந்த, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம். தனுஜா அந்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். தன் வீட்டுக் கட்டிலில் இத்தனை நாள் படுத்திருந்தவன் இவன்தானா? இவ்வளவு சின்ன வயதுக்காரனாக அவள் நினைத்திருக்கவில்லை.

அந்த அம்மா தேத்தண்ணியும் சீனிச் சம்பல் வைத்த பணிஸும் கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

“முகத்தக்கூடக் காட்டல்ல வாப்பா. ஓட்டமாவடிக்குக் கொண்டுபோனாங்க. கபுறுக்கு ஒரு நம்பர் தந்தாங்க. கொள்ள நோயில மௌத்தாகிறவங்க ஷஹீத், நேரா சுவர்க்கம் ண்டு பள்ளி ஹஸரத் சொன்னாரு. அதப் புடிச்சிக்கிட்டுத்தான் நான் ஈக்கிறேன்.” முந்தானையால் கண்ணை ஒற்றினாள். “ஆனா போன மாசம் கொழும்பால வந்த ஒருத்தன் வேற கத சொல்லிட்டுப் போறான். தூளால மௌத்தானாம். நீங்க பக்கத்துல ஈந்தவர். நீங்க சொல்லுங்க. எங்கட மகன் எதுல மௌத்தானான்?”

ஜீவன் வாயைத் திறந்தான். நோய்க்குப் பிறகு அவனுக்கு அவசரத்தில் பேச்சு சிக்கும். “உம்மா… அவன்…” என்று நின்றான். உதடு ஒரு பக்கம் இழுத்தது.

“கொரோனாதாம்மா” என்றாள் தனுஜா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“கொரோனாதான். இவருக்கும் அங்கதான் தொத்துச்சு. இவரு பொழச்சு வந்துட்டாரு. ஒங்க மகன் கடைசி வரைக்கும் இவரப் பாத்துக்கிட்டாராம். எப்பவும் அதத்தான் சொல்லுவாரு.”

அந்த அம்மா எதையோ அரபியில் முணுமுணுத்தாள். பிறகு எழுந்து வந்து தனுஜாவின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாசலில் நின்று சந்து முடியும் வரைக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்துக்கு வந்ததும் ஜீவன், “ஆஸ்பத்திரில உண்மையச் சொன்ன. இங்க ஏன் மாத்திச் சொன்ன?” என்று கேட்டான்.

“அங்க நீங்க உசுரோட இருந்தீங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அன்னக்கி நீ சொல்லாம இருந்திருந்தா நானும் இல்ல” என்றான். இரண்டு வருடமாக அவள் காத்திருந்த சொல் அது. வந்தபோது அவள் எதிர்பார்த்த ஆறுதல் அதோடு வரவில்லை.

அதன் பிறகு ஜீவன் நன்றாகத் தூங்கினான். தூக்கத்தில் பேசுவது நின்றுபோனது. இப்போது ஜஸீலின் முகம் விடாமல் பின்தொடர்ந்தது தனுஜாவைத்தான். லுணுகலைச் சந்தையில், பசறையில் பஸ் நிற்கும் இடத்தில், காது விரிந்த இளைஞன் எவனைப் பார்த்தாலும் அவள் நின்றுவிடுவாள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் உறங்கும் மத்தியானங்களில் வாசலை மறைத்துக்கொண்டு யாரோ நிற்பதுபோல இருக்கும். நிமிர்ந்தால் எதிர் மலையும் பனியும்தான். தாயிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க வருகிறானா, இல்லை சும்மாதான் வந்து நிற்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சென்ற பங்குனியில் ஒரு நாள், பதுளையிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குள் வெக்கை தாங்கவில்லை. ஜன்னலோரத்தில் ஒருவன் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை பூட்டிக்கொண்டு, வியர்த்து, நடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. அவள் போய் உட்கார்ந்தாள்.

“தம்பி, ஒடம்பு சுடுதா?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“காய்ச்சல் எத்தன நாளா இருக்கு? நான் பொலிஸ் இல்லப்பா. தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்கிறவ. இப்பவே எறங்குனா திரும்பிப் பதுளைக்குப் போயிரலாம். நானும் கூட வாரேன்.”

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலை ஒதுக்கச் சொல்லாமலே அவளைத் தாண்டி, பஸ் வளைவுக்காக வேகம் தணித்த இடத்தில் குதித்து இறங்கிவிட்டான். அங்கே கடையோ வீடோ இல்லை. இரண்டு பக்கமும் தேயிலை மட்டும்தான்.

தனுஜாவும் மணியை அடித்தாள். பஸ் வளைவு தாண்டித்தான் நின்றது. இறங்கி ஓடி வந்து பார்த்தபோது ரோட்டில் யாருமில்லை. தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் இரண்டு பிரிந்தன. எதில் போனான் என்று தெரியவில்லை. “தம்பி” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பெயர் தெரியாததால் வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், அடுத்த பஸ் வரும் வரை அங்கேயே நின்று அதையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.